பேசவும் கேட்கவும்: மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட மக்கள் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மட்டக்களப்பில் இருந்து இயங்கும் சிறிய இலாப நோக்கற்ற அமைப்பு எங்களுடையது. ஊடகவியலாளர்களுக்குச் சட்டத் துணை வழங்குகிறோம். இணையத்தில் மக்களின் உரிமைகளுக்காகவும், பேச்சுரிமையை நெரிக்கும் சட்டங்களை மாற்றுவதற்காகவும் வேலை செய்கிறோம். வாகரை முதல் பொத்துவில் வரை எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். சில பதில்கள் நீளமானவை. அவசர நேரத்தில் யாருக்காவது தேவைப்படும் என்பதால் அவற்றைச் சுருக்கவில்லை.

நான் மாடு வளர்ப்பவன், பத்திரிகைக்காரன் அல்ல. உங்கள் வேலைக்கும் எனக்கும் என்ன தொடர்பு?

மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டம்பரில் தொடர் போராட்டத்தில் இறங்கினார்கள். அதற்கு முந்தைய மாதம் நிலைமையை நேரில் பார்க்கச் சென்ற குழு ஒன்று அங்கே தடுத்து வைக்கப்பட்டது. அந்தக் குழுவில் மதகுருமாரும் ஊடகவியலாளர்களும் இருந்தார்கள். காட்டோரத்தில் மாடு சுடப்பட்டால், கமராவுடன் ஒருவர் உள்ளே போய்ப் பத்திரமாகத் திரும்பி வந்தால்தான் வெளியுலகத்துக்குத் தெரியும். அவரால் போக முடியாத நாளில் மிஞ்சுவது உங்கள் வாய்ச்சொல் மட்டுமே, அதை மறுப்பது எந்த அதிகாரிக்கும் எளிது. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுரிமையையும் வெளியிடும் உரிமையையும் ஒவ்வொரு பிரசைக்கும் கொடுத்திருக்கிறது. பத்திரிகையாளருக்கென்று தனியாகக் கொடுக்கவில்லை. உங்களுக்குள்ள உரிமையைத்தான் அவர் உங்களுக்காகப் பயன்படுத்துகிறார்.

நடேசன், சிவராம் கொலைகளைப் பற்றி இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஏன் பேசுகிறீர்கள்?

வீரகேசரியின் செய்தியாளராக இருந்த ஐயாத்துரை நடேசன் 2004 மே 31 அன்று மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். மட்டக்களப்பில் பிறந்த ஊடகவியலாளர் தர்மரத்தினம் சிவராம் 2005 ஏப்ரல் 28 இரவு கொழும்பு பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்டார். மறுநாள் பாராளுமன்றத்துக்கு அருகே அவருடைய உடல் கிடந்தது. இரு கொலைகளுக்கும் இன்றுவரை யாரும் தண்டிக்கப்படவில்லை.

இருபது ஆண்டு கடந்துவிட்டதே, வழக்கு காலாவதியாகிவிடாதா என்று பலர் கேட்கிறார்கள். ஆகாது. இலங்கையின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் பெரும்பாலான குற்றங்களுக்கு வழக்குத் தொடுப்பதற்கான எல்லை இருபது ஆண்டுதான். கொலைக்கும் இராசத்துரோகத்துக்கும் அந்த எல்லை கிடையாது. எனவே விசாரணையைத் திறக்கும்படி கேட்பது வெறும் நினைவுகூரல் அல்ல, சட்டப்படி இன்றும் செல்லுபடியாகும் கோரிக்கை. ஆண்டுதோறும் நினைவு நாளில் படத்துக்கு மாலை போடுகிறோம். அதே வாரத்தில் விசாரணையின் நிலை என்ன என்று எழுத்தில் கேட்டுக் கடிதமும் அனுப்புகிறோம். அந்தக் கடிதத்தை நிறுத்தக் கூடாது என்பதில் நாங்கள் பிடிவாதமாக இருக்கிறோம்.

தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுதுவது எப்படி? அலைக்கழிப்பார்களா?

அலைக்கழிக்கப் பார்ப்பார்கள். ஆனால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இந்த நாட்டின் சாதாரண மனிதருக்குக் கிடைத்த மிக வலுவான சட்டங்களில் ஒன்று. 2015இல் வந்த 19ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 14அ உறுப்புரையாகவும் இந்த உரிமை இருக்கிறது.

பிரதேச செயலகம், பிரதேச சபை, வலயக் கல்வி அலுவலகம், வைத்தியசாலை என எல்லா அரச அலுவலகங்களிலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். கடிதத்தை அவருக்கு எழுதுங்கள். படிவம் கிடைக்காவிட்டால் வெற்றுத் தாளில் எழுதினாலும் போதும். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். அதை எழுத்தில் பதிந்து கொள்வது அலுவலரின் கடமை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை. காரணம் கேட்கச் சட்டம் இடம் தரவில்லை.

பலர் இடறுவது கேள்வியை அமைப்பதில்தான். "எங்கள் வீதியை ஏன் இன்னும் போடவில்லை?" என்று எழுதினால், "நிதி கிடைத்ததும் போடப்படும்" என்று ஒரு வரியில் பதில் வரும். சட்டம் தருவது அலுவலகத்தின் பதிவேட்டில் உள்ள தகவலை, அதிகாரியின் விளக்கத்தை அல்ல. ஆகவே இப்படி எழுதுங்கள்: "இந்தப் பெயருடைய வீதிக்கு 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஒதுக்கப்பட்ட தொகை, ஒப்பந்தகாரரின் பெயர், ஒப்பந்தத்தின் பிரதி, இதுவரை செய்த கொடுப்பனவுகளின் வவுச்சர் பிரதிகள், வேலை முடிந்ததாக ஒப்பமிட்டவரின் பதவி ஆகியவற்றைத் தருக." இப்படிக் கேட்டால் மழுப்புவதற்கு இடம் குறைவு. செய்யாத வேலைக்குப் பணம் கொடுக்கப்பட்டிருந்தால் அதுவும் அந்தத் தாளிலேயே தெரியும்.

கடிதத்தை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் திகதியுடன் முத்திரை வாங்குங்கள். அலுவலர் இல்லை, நாளை வாருங்கள் என்றால் திரும்பிப் போகாமல் நேரே தபால் கந்தோருக்குப் போய்ப் பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள். தகவல் தரப்படுமா இல்லையா என்ற முடிவு 14 வேலை நாட்களுக்குள் வர வேண்டும். ஒருவரின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடைய தகவலென்றால் 48 மணித்தியாலம். மறுத்தாலோ பதிலே வராவிட்டாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யுங்கள். அவரும் கைவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் கொழும்பில் உள்ள தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவுக்கு எழுதலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை.

முதல் கடிதத்தோடு சோர்ந்துவிடாதீர்கள் என்று எல்லோரையும் வேண்டிக் கேட்கிறோம். மேன்முறையீடு வரும் என்று தெரிந்த அலுவலகம் நடந்துகொள்ளும் விதமே வேறு.

அம்பாறை மாவட்ட அலுவலகம் ஒன்றில் இருந்து சிங்களத்தில் பதில் வந்தது. என்ன செய்வது?

தமிழில் தரும்படி அன்றே எழுதுங்கள். தமிழும் அரசகரும மொழி. கிழக்கு மாகாணத்தில் நிருவாக மொழியும் அதுதான். அலுவலகங்களில் இருந்து தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தில் இருக்கிறது. மீண்டும் மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு செய்யலாம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் பக்கத்தில் இருந்து இந்தப் பிரச்சினை அடிக்கடி வருவதால் மாதிரிக் கடிதம் தயாராக வைத்திருக்கிறோம்.

முகநூலில் எழுதினால் சிறைக்குப் போக வேண்டி வருமா?

2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தைப் படித்த பின் இந்தப் பயம் பலருக்கு வந்திருக்கிறது. தேசிய பாதுகாப்புக்கோ பொது ஒழுங்குக்கோ அச்சுறுத்தலாகும், அல்லது மக்கள் பிரிவுகளிடையே பகையை வளர்க்கும் பொய்க்கூற்றை வெளியிடுவது அந்தச் சட்டத்தில் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். எது பொய் என்று முதலில் தீர்மானித்துப் பதிவை நீக்கச் சொல்லும் அதிகாரம் ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழுவுக்குத் தரப்பட்டிருக்கிறது. அவர்களை நியமிப்பவர் ஜனாதிபதி, அதற்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். எங்கள் முதல் எதிர்ப்பு இதற்குத்தான். பொய்யா மெய்யா என்பதைச் சாட்சியம் கேட்டு, இரு தரப்பையும் விசாரித்து முடிவு செய்வது நீதிமன்றத்தின் வேலை.

சட்டமூலமாக இருந்தபோதே உயர் நீதிமன்றம் அதன் 31 வாசகங்களில் குறை கண்டது. திருத்தாவிட்டால் விசேட பெரும்பான்மை தேவை என்று தீர்ப்பளித்தது. 2024 ஜனவரி 24 அன்று பாராளுமன்றத்தில் அது நிறைவேறியது. நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது.

அதற்காக எழுதாமல் இருந்துவிடாதீர்கள். அதிகாரியை விமர்சிப்பதோ, வீதி சரியில்லை என்பதோ, காணி யாருடையது என்று கேட்பதோ குற்றம் அல்ல. கேள்விப்பட்டதைக் கண்டதுபோல எழுதாதீர்கள். ஆதாரத்தைப் பதிவோடு சேர்த்து வையுங்கள். தவறு என்று தெரிந்தால் திருத்தி, திருத்தியதையும் சொல்லுங்கள்.

பெண்களின் படத்தை வைத்து மிரட்டுபவர்களைப் பிடிக்க அந்தச் சட்டம் வேண்டாமா?

மிரட்டுபவர்களைப் பிடிக்கச் சட்டம் வேண்டும். எங்களிடம் வரும் பெண்களில் சிலர் வீட்டில் சொல்ல முடியாமல், சாப்பிட முடியாமல், தனியாக வந்து உட்கார்ந்து அழுகிறார்கள். அவர்களுடைய துன்பத்தைக் காட்டி ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, அதே சட்டத்தில் அரசியல் விமர்சனத்தையும் அடக்க வழி வைத்ததைத்தான் ஏற்க முடியவில்லை. இந்தக் குற்றத்துக்கென்று தெளிவான, குறுகிய, விரைவாக நடக்கும் சட்டம் தேவை என்பதே எங்கள் முன்மொழிவு.

இப்போது யாராவது உங்களை மிரட்டினால் முதலில் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் மறுபடி கேட்பான். அவனைத் தடை செய்வதற்கு முன்பு உரையாடல் முழுவதையும் ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். கணக்கின் முகவரி, திகதி, நேரம் தெரிய வேண்டும். பெயரை மாற்றிவிடுவான், கணக்கின் முகவரி இருந்தால் தேட முடியும். 18 வயதுக்கு மேற்பட்டவராக இருந்தால் ஸ்டொப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணைய சேவையைப் பயன்படுத்தலாம். அதில் உங்கள் படம் எங்கும் அனுப்பப்படாது. உங்கள் தொலைபேசியிலேயே படத்தில் இருந்து ஓர் எண்கோவை உருவாகும். அந்த எண்கோவை மட்டுமே முகநூல் போன்ற, சேவையில் இணைந்துள்ள தளங்களுக்குப் போகும். அதே படத்தை யாராவது அங்கே ஏற்ற முயன்றால் தளம் அதை அடையாளம் கண்டு தடுக்க முடியும். பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்தையும், பிள்ளைகளுக்கான 1929 என்ற இலக்கத்தையும் அழைக்கலாம். எங்களிடம் வருகிறவர்கள் பெண் உத்தியோகத்தரிடம்தான் பேசுவார்கள். சம்மதம் இல்லாமல் குடும்பத்துக்கோ பொலிஸுக்கோ சொல்ல மாட்டோம். பாதிக்கப்பட்டவர் சிறுவராக இருந்தால் மட்டும் சட்டப்படி செய்ய வேண்டியதை அவரிடம் விளக்கிவிட்டுச் செய்வோம்.

வெறுப்பைப் பரப்புபவர்களுக்கும் பேச்சுரிமை கேட்கிறீர்களா?

அம்பாறை மாவட்டத்தில் வாழ்பவர்கள் இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2018 பெப்ரவரி 26 இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பிட வந்த ஒருவர், கறியில் இருந்த ஒரு கட்டியைக் காட்டி, அது ஆண்களை மலடாக்கும் மாத்திரை என்றார். கூட்டம் கூடியது. காசாளராக இருந்தவரை மிரட்டிக் கேள்வி கேட்டுக் காணொளி எடுத்தார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத அவர், என்ன கேட்கிறார்கள் என்று விளங்காமலே ஆம் என்று தலையாட்டினார். அந்த ஒரு சொல் முகநூலில் ஒப்புதல் வாக்குமூலமாகப் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாக்கட்டி என்று தெரிந்தது. அப்படி ஒரு மாத்திரையே உலகில் இல்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அதற்குள் கண்டி மாவட்டத்தின் திகனையும் பற்றி எரிந்துவிட்டது.

அப்போது கையில் இருந்த சட்டம் போதாமல் போகவில்லை. இன வெறுப்பைத் தூண்டுவது 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டப்படி ஏற்கனவே குற்றம். அதே சட்டம் 2019இல் சிறுகதை எழுதிய ஒரு சிங்கள எழுத்தாளர் மீதும் பாய்ந்தது. மறுபுறம், சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைப் பற்றி மக்கள் முறையிட்டும் முகநூல் நிறுவனம் உரிய நேரத்தில் அசையவில்லை. 2020 மே மாதத்தில்தான் தன் தளம் அந்த வன்முறைக்குப் பயன்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தது. அரசாங்கம் செய்ததோ 2018 மார்ச்சில் சமூக வலைத்தளங்களை ஒரு வாரமளவில் முடக்கியது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்த 2019 ஏப்ரல் 21 அன்றும் முடக்கினார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்யும் பிள்ளைகள், வீட்டில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று தேடிய நாள் அது.

வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு நாங்கள் உரிமை கேட்கவில்லை. தூண்டியவரை ஏற்கனவே உள்ள சட்டத்தின் கீழ் விசாரிக்க வேண்டும், நிறுவனங்கள் தமிழும் சிங்களமும் தெரிந்த கண்காணிப்பாளர்களை அமர்த்த வேண்டும், ஊர் முழுவதன் தொடர்பையும் துண்டிக்கக் கூடாது என்கிறோம். வதந்தி பரவும் முதல் மணித்தியாலத்தில் பள்ளிவாசல், கோவில், தேவாலய நிருவாகிகள் ஒருவரையொருவர் அழைத்துச் சரிபார்க்க ஊர்களில் தொலைபேசிப் பட்டியல்களும் தயாரித்து வருகிறோம். அந்த முதல் மணித்தியாலத்தில் நடக்கும் ஒரு தொலைபேசி உரையாடலை நாங்கள் பெரிதும் நம்புகிறோம்.

பொலிஸ் நிலையத்துக்கு வரச் சொல்லித் தொலைபேசியில் அழைக்கிறார்கள். போக வேண்டுமா?

போகாமல் ஒளிந்துகொள்ளாதீர்கள், தனியாகவும் போகாதீர்கள். அழைத்தவரின் பெயர், பதவி, எந்த முறைப்பாடு தொடர்பானது என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எழுத்தில் அழைப்பு தரும்படி பணிவாகக் கேளுங்கள். பிறகு எங்களையோ உங்கள் சட்டத்தரணியையோ அழையுங்கள். சட்டத்தரணி பொலிஸ் நிலையத்தில் உங்களுக்காக முன்னிலையாக 2012ஆம் ஆண்டு விதிகளே இடம் தருகின்றன.

வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டு உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டால் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் எழுதும்படி சொல்லுங்கள். கிழக்கில் இத்தனை பேர் சிக்கியது விளங்காத மொழியில் வைத்த கையெழுத்தால்தான். கைத்தொலைபேசியைக் கேட்டால், எந்த உத்தரவின்படி என்று கேளுங்கள். எடுத்தே தீருவார்கள் என்றால் அதன் வகை, தொடர் இலக்கம், எடுத்த நேரம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்குங்கள். பதற்றத்தில் செய்திகளை அழிக்க வேண்டாம், அதையே சாட்சியத்தை அழித்ததாகச் சொல்ல முடியும்.

கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். சாதாரண சட்டப்படி 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அதன் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. அடிப்படை உரிமை மீறல் மனுவை உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டு எங்களிடம் வருபவர்கள்தான் அதிகம், அவர்களைத் திருப்பி அனுப்புவது எங்களுக்கு மிகவும் வேதனை. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. எனவே முதல் நாளிலேயே அங்கே போங்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டம் இன்னுமா ஒரு பிரச்சினை?

ஆம். 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்த 48ஆம் இலக்கச் சட்டம் அது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சான்றாக ஏற்கப்படும். 2022 திருத்தத்துக்குப் பிறகும் தடுப்புக்காவல் உத்தரவில் ஓராண்டு வரை வைத்திருக்க முடியும். மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஒருவர் 2020 நவம்பரில் முகநூல் பதிவுகளுக்காக இந்தச் சட்டத்தில் கைதாகி ஓராண்டுக்கு மேல் அடைபட்டிருந்தார். 2021 மே 18 அன்று கிரான் கடற்கரையில் விளக்கேற்றிப் போரில் இறந்தவர்களை நினைவுகூர்ந்த பத்துப் பேரும் இதே சட்டத்தில் கைதானார்கள். டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. இச்சட்டத்தை நீக்குவோம் என்பது 2024இல் ஆட்சிக்கு வந்தவர்களின் தேர்தல் விஞ்ஞாபனத்திலேயே இருக்கிறது. அதை நினைவூட்டுவது எங்கள் நிரந்தர வேலை. மாற்றாக 2018இலும் 2023இலும் முன்வைக்கப்பட்ட சட்டமூலங்கள் பயங்கரவாதத்துக்குப் பரந்த வரையறை தந்தன. அப்படிப்பட்ட மாற்று எங்களுக்கு வேண்டாம்.

சட்டச் சீர்திருத்தம் கொழும்பில் நடப்பது. மட்டக்களப்பில் இருந்து என்ன செய்ய முடியும்?

இந்த நாட்டில் சட்டமூலம் நிறைவேறி சபாநாயகர் சான்றுரைத்த பின் அது செல்லாது என்று எந்த நீதிமன்றத்திலும் வழக்காட முடியாது. அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரை அதைத் தடுக்கிறது. எதிர்க்க வேண்டுமானால் சட்டமூலமாக இருக்கும்போது கிடைக்கும் சில நாட்களுக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். வர்த்தமானி வருவதைக் கவனித்து, சட்டமூலத்தை எளிய தமிழில் எழுதி ஊர்ச் சங்கங்களுக்கு அனுப்பி, வாக்குமூலங்களோடு மனு தயாரிப்பது எல்லாம் அந்தச் சில நாட்களுக்குள் முடிய வேண்டும். கொழும்பில் உள்ள சட்டத்தரணிகளுக்கு வாதம் தெரியும். ஒரு சட்டம் கிரானில் ஒரு குடும்பத்தை என்ன செய்தது என்பதற்கான சாட்சியம் இங்கே இருக்கிறது. அதைத் திகதி, பெயர், ஆவணம் சகிதம் சேர்த்துக் கொடுப்பதே எங்கள் பங்கு. அது இல்லாமல் எழுதப்படும் சட்டத்தில் கிழக்கு இருக்காது.

ஊடக அடையாள அட்டை இல்லாதவர் செய்தி சேகரிக்கலாமா?

சேகரிக்கலாம். அரசாங்கத் தகவல் திணைக்களத்தின் அட்டை உத்தியோகபூர்வ நிகழ்வுகளுக்குள் நுழைய உதவும். எழுதுவதற்கான அனுமதிப்பத்திரம் அல்ல அது.

ஊழலை எழுதினால் மானநட்ட வழக்குப் போடுவார்களே?

குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டது. ஆகவே அதற்காகச் சிறை கிடையாது. கோடிக்கணக்கில் நட்டஈடு கேட்டுச் சட்டத்தரணி மூலம் கடிதம் வரலாம். பெரும்பாலும் பயமுறுத்தவே அது வரும். பதில் எழுதாமல் விடாதீர்கள், நீங்களாகவும் எழுதாதீர்கள். எங்களிடம் கொண்டு வாருங்கள்.

உங்களுக்குப் பணம் தருவது யார்? எந்தக் கட்சி?

வெளிநாட்டு, உள்நாட்டு நிதியங்களின் மானியத்தில் இயங்குகிறோம். கணக்காய்வு செய்யப்பட்ட கணக்கை அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம். கட்சிகளிடம் பணம் வாங்குவதில்லை. மேடையில் ஏறுவதும் இல்லை. அலுவலகங்களிடம் வெளிப்படைத்தன்மை கேட்கும் நாங்கள் இந்தக் கேள்வியைச் சந்திக்கத்தான் வேண்டும்.

உதவி கேட்டு வரும்போது என்ன கொண்டுவர வேண்டும்? செலவு எவ்வளவு?

ஆலோசனைக்கும் கடிதம் எழுதித் தருவதற்கும் பணம் வாங்குவதில்லை. அடையாள அட்டையின் பிரதி, வந்த கடிதங்கள், அவை வந்த உறைகள் (தபால் முத்திரையின் திகதி வேண்டும்), நடந்தவற்றைத் திகதி வரிசையில் எழுதிய ஒரு தாள் ஆகியவற்றைக் கொண்டு வாருங்கள். மூலப் பத்திரங்களை யாரிடமும், எங்களிடமும், விட்டுச் செல்லாதீர்கள். வழக்காக மாறினால் சட்ட உதவி ஆணைக்குழுவின் உதவிக்கு நீங்கள் தகுதியானவரா என்று சேர்ந்து பார்ப்போம். படுவான்கரையில் இருந்தோ பொத்துவிலில் இருந்தோ பஸ் ஏறி வருவது சிரமம் என்றால் தொலைபேசியில் சொல்லுங்கள், நாங்கள் உங்கள் ஊருக்கு வருகிறோம்.